பம்பாய் பிளேக் வெளியேற்றம் (1896–1897)

பம்பாய் பிளேக் வெளியேற்றம் என்பது 1896 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பம்பாய் நகரில் (இன்றைய மும்பை) பிளேக் நோய் பரவியதைத் தொடர்ந்து அந்நகர மக்கள் பெருந்தொகையாக ஊரை விட்டு நீங்கிய நிகழ்வைக் குறிக்கும். 1897 பிப்ரவரி வாக்கில் ஏறத்தாழ 4 இலட்சம் பேர், அதாவது நகர மக்களுள் ஏறக்குறைய பாதிப்பேர், வெளியேறியிருந்தனர். அக்காலத்தில் இந்தியாவின் மிக முக்கியமான துறைமுகங்களுள் ஒன்றாகவும் பஞ்சாலைத் தொழிலின் தலைமை இடமாகவும் பம்பாய் விளங்கியது. அத்தகைய நகரம் சில மாதங்களில் பாதி காலியானது, பெருநகரம் என்னும் வாழ்முறையே நிலைக்குமா என்னும் ஐயத்தை எழுப்பியது. எனினும் பதினைந்து ஆண்டுகளுக்குள் நகரின் மக்கள்தொகை முன்பிருந்ததைக் காட்டிலும் கூடியது. நகரின் தெருக்களும் புறநகர்களும் மாற்றியமைக்கப்பட்டதற்கும் இந்நிகழ்வே உடனடிக் காரணமாக அமைந்தது.

பின்னணி

கொள்ளைநோய்க் காலங்களில் நகரை விட்டு நீங்குதல் பழமையான வழக்கம் ஆகும். 1348 இல் இத்தாலியின் புளோரன்சு நகரைக் கருஞ்சாவு தாக்கியபோது வசதி படைத்தோர் நாட்டுப்புற மாளிகைகளுக்குச் சென்றனர். போக்காச்சியோவின் 'டெக்கமரான்' என்னும் கதைத் தொகுப்பு இத்தகைய வெளியேற்றத்தையே களமாகக் கொண்டது. 1665 இல் இலண்டனில் பிளேக் பரவியபோது மன்னர் இரண்டாம் சார்லசு தம் அவையுடன் வெளியேறி, பின்னர் ஆக்சுபோர்டில் தங்கினார். நகரை விட்டுச் செல்வோர் தமக்கு நோயில்லை என்னும் சான்றிதழைக் காட்ட வேண்டியிருந்தது. இவ்விரு நகரங்களிலும் வெளியேறும் வசதி செல்வர்க்கே பெரிதும் கிடைத்தது.

பம்பாயின் நிலை இதனின்றும் வேறுபட்டது. 1891 கணக்கெடுப்பின்படி அந்நகரின் மக்கள்தொகை 8,21,764. அங்கு இயங்கிய சுமார் 70 பஞ்சாலைகளில் 70 ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். இவர்களுள் பெரும்பாலோர் கொங்கணக் கடற்கரையின் இரத்தினகிரி, தக்காணத்தின் சாத்தாரா போன்ற மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். பலர் மனைவி மக்களைச் சொந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்து, 'சால்' எனப்படும் பலமாடிக் கட்டடங்களின் ஒற்றை அறைகளில் கூட்டமாகத் தங்கினர். ஊரில் அவர்களுக்குச் சிறு நிலமோ உறவினர் வீடோ இருந்தது. நகர ஊதியம் ஊருக்குச் சென்றது. வேலையற்ற காலத்தில் ஊர் அவர்களைத் தாங்கியது. எனவே பம்பாயில் ஏழைத் தொழிலாளருக்கும் வெளியேற ஓர் இடம் இருந்தது. இவ்வெளியேற்றம் இத்தனை பெரிதாக அமைந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

நோயின் வருகை

1894 இல் ஆங்காங்கில் பிளேக் பரவியது. அங்கு அலெக்சாண்டர் யெர்சின், கிட்டசாட்டோ சிபாசபுரோ ஆகியோர் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவைக் கண்டறிந்தனர். அந்நோய் கப்பல் வழியாகப் பம்பாயை அடைந்ததாகக் கருதப்படுகிறது. 1896 செப்டம்பரில் துறைமுகத்தை அடுத்த மாண்டவி பகுதியில் மருத்துவர் அக்காசியோ கேப்ரியல் வீகாசு முதல் நோயாளிகளைக் கண்டு, இது நெறிகட்டும் பிளேக் என அறிவித்தார். உருசியப் பேரரசில் பிறந்த நுண்ணுயிரியலாளர் வால்டெமர் ஆஃப்கின் அக்டோபரில் இதனை உறுதி செய்தார்.

மாண்டவி தானியக் கிடங்குகள் நிறைந்த பகுதி. கிடங்குகளில் எலிகளும், எலிகளின் உடலில் தெள்ளுப்பூச்சிகளும் மிகுந்திருந்தன. ஆனால் எலிக்கும் மனிதருக்கும் இடையே நோயைக் கடத்துவது தெள்ளுப்பூச்சியே என்பது அப்போது அறியப்படவில்லை. அழுக்கும் கெட்ட காற்றும் ஈரமான தரையுமே நோய்க்குக் காரணம் என்று அதிகாரிகளுள் பலர் நம்பினர்.

வெளியேற்றம்

அக்டோபரில் சிறு அளவில் தொடங்கிய வெளியேற்றம் டிசம்பரிலும் 1897 ஜனவரியிலும் உச்சத்தை எட்டியது. கொங்கணத்தைச் சேர்ந்தோர் கடலோர நீராவிக் கப்பல்களிலும் படகுகளிலும் சென்றனர். தக்காணத்தைச் சேர்ந்தோரும் குசராத்தைச் சேர்ந்தோரும் தொடர்வண்டியை நாடினர். வணிகர் தம் குடும்பங்களைக் கத்தியவார், கச்சு முதலிய பகுதிகளுக்கு அனுப்பினர். நகரின் வடக்கே திறந்த வெளிகளில் ஓலைக் குடிசை அமைத்துத் தங்கியோரும் உண்டு.

வெளியேறியோர் அனைவரும் நோய்க்கு மட்டும் அஞ்சியவர்கள் அல்லர். நோயாளியை வலிந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல், உடன் இருந்தோரை முகாமில் அடைத்தல், வீட்டுப் பொருள்களை எரித்தல் போன்ற அரசு நடவடிக்கைகளே பலரை ஊரை விட்டுத் துரத்தின. மருத்துவமனைக்குச் சென்றவர் திரும்புவதில்லை என்னும் வதந்தியும் பரவியது. நோயின் இறுதிக் கட்டத்தில் கொண்டு செல்லப்பட்ட பலர் உண்மையிலேயே இறந்ததால் அவ்வதந்தி வலுப்பெற்றது.

செல்ல ஊரில்லாதவர்களும், ஒருநாள் கூலியை இழந்தால் உண்ண வழியில்லாதவர்களும் நகரிலேயே தங்கினர்.

நகரில் ஏற்பட்ட விளைவுகள்

ஆலைகளில் ஆள் பற்றாக்குறை கடுமையானது. அதுவரை மாதக் கூலி, அதுவும் பல வாரங்கள் நிறுத்தி வைக்கப்பட்டு வழங்கப்பட்டது. தொழிலாளர் நினைத்தவுடன் விலகாதிருக்க ஆலை உரிமையாளர் கையாண்ட வழி அது. 1897 இன் தொடக்கத்தில் அம்முறை தளர்ந்தது. எஞ்சியிருந்த தொழிலாளர் அன்றாடக் கூலி கேட்டனர். ஆலைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு, தெருமுனைகளில் ஆள் பிடித்து, கூடுதல் தொகையும் வழங்கின. நோய் தணிந்து தொழிலாளர் திரும்பியதும் பழைய முறையை மீட்க உரிமையாளர் முயன்றனர். இதனால் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன.

நகராட்சி பெரிதும் அஞ்சியது வேறொன்றுக்கு. மனிதக் கழிவை அகற்றும் 'அலால்கோர்' எனப்பட்ட துப்புரவுத் தொழிலாளரும் வெளியேறினால் நகரில் எவரும் வாழ முடியாது என்பதை நகராட்சி ஆணையர் பி. சி. எச். சுனோ உணர்ந்தார். கட்டாய மருத்துவமனை அனுமதி குறித்த 1896 அக்டோபர் ஆணை தளர்த்தப்பட்டதற்கு இவ்வச்சமும் ஒரு காரணமாகும். சமூகத்தின் அடித்தட்டில் வைக்கப்பட்டிருந்தோரின் உழைப்பின்மேல் நகரம் எவ்வளவு தங்கியிருந்தது என்பதை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

அரசின் நடவடிக்கைகளும் எதிர்ப்பும்

கழிவுநீர்க் கால்வாய்களில் கடல்நீரும் கார்பாலிக் அமிலமும் பாய்ச்சுதல், வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தல், ஓடுகளை நீக்கி வெளிச்சம் புகச் செய்தல் ஆகியவை தொடக்க கால நடவடிக்கைகள். 1896 அக்டோபர் 29 அன்று ஆலைத் தொழிலாளர் திரண்டு ஆர்தர் சாலை மருத்துவமனையைத் தாக்கினர்.

1897 பிப்ரவரி 4 அன்று கொள்ளைநோய்கள் சட்டம் இயற்றப்பட்டது. சில பிரிவுகளே கொண்ட இச்சுருக்கமான சட்டம், பயணிகளைச் சோதிக்கவும், ஐயத்துக்குரியோரைத் தனிமைப்படுத்தவும், தேவையெனக் கருதும் எந்த விதியையும் வகுக்கவும் அரசுக்கு அதிகாரம் அளித்தது. இதன்கீழ் செயல்படும் அலுவலர்மீது வழக்குத் தொடர இயலாதவாறு பாதுகாப்பும் அளித்தது. இந்தியாவிலிருந்து செல்லும் சரக்குகளை ஐரோப்பிய நாடுகள் தடை செய்யலாம் என்னும் அச்சம் இவ்விரைவுக்கு முக்கிய காரணம். அதே மாதம் வெனிசு நகரில் பன்னாட்டு நலவாழ்வு மாநாடு கூடியது. அவ்வாண்டு பம்பாயிலிருந்து மக்கா புனிதப் பயணமும் நிறுத்தப்பட்டது.

மார்ச்சில் படைத்தளபதி கேட்டக்கர் தலைமையில் பிளேக் குழு அமைக்கப்பட்டு, வீடுவீடாகச் சோதனை நடந்தது. தொடர்வண்டிப் பயணிகள் கல்யாண் போன்ற நிலையங்களில் இறக்கிச் சோதிக்கப்பட்டனர். சென்னை மாகாணத்தில், நோயுள்ள பகுதிகளிலிருந்து வருவோருக்குப் 'பிளேக் கடவுச்சீட்டு' வழங்கி, சில நாள்கள் அதிகாரிகளின் பார்வையில் இருக்கச் செய்யும் முறை நடைமுறைக்கு வந்தது.

பம்பாயிலிருந்து புனேக்கும் நோய் பரவியது. அங்குச் சோதனைகளுக்குப் பொறுப்பாளராக இருந்த டபிள்யூ. சி. ராண்டு 1897 சூன் 22 அன்று சாப்பேகர் உடன்பிறப்புகளால் சுடப்பட்டு, பின்னர் இறந்தார். அதனைத் தொடர்ந்து பால கங்காதர திலகர்மீது அரசு வெறுப்புக் குற்றம் சாட்டப்பட்டு 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. புனே அருகே நோயாளிகளுக்குத் தொண்டாற்றிய சமூகச் சீர்திருத்தவாதி சாவித்திரிபாய் பூலே 1897 மார்ச் 10 அன்று அந்நோயாலேயே காலமானார். 1898 மார்ச் 9 அன்று பம்பாயில் நெசவாளர் வாழ்ந்த மதன்புரா பகுதியில், நோயுற்ற சிறுமி ஒருத்தியைச் சோதனைக் குழுவினர் கொண்டு செல்ல முயன்றபோது பெரும் கலவரம் மூண்டது. இதன் பின்னர் அரசு கட்டாயத்தைக் குறைத்து, சாதி, சமய அமைப்புகள் நடத்திய மருத்துவமனைகளையும் தன்விருப்பத் தடுப்பூசியையும் ஏற்றது. ஆஃப்கின் உருவாக்கிய பிளேக் தடுப்பூசியை அவர் 1897 சனவரியில் தமக்கே முதலில் போட்டுச் சோதித்திருந்தார்.

வெளியேறுதல் பயனளித்ததா?

இவ்வினாவிற்கு இரு பக்கமும் விடை உண்டு. 1898 இல் பிரெஞ்சு மருத்துவர் பால்-லூயி சிமோன் கராச்சியில் மேற்கொண்ட ஆய்வின் மூலம், எலியிடமிருந்து பிளேக்கைக் கடத்துவது தெள்ளுப்பூச்சி எனக் காட்டினார். இக்கருத்து உடனே ஏற்கப்படவில்லை. 1905 முதல் இந்தியாவில் நடந்த விரிவான ஆய்வுகளே இதனை நிலைநாட்டின.

எலி இறந்தவுடன் அதன் உடலில் இருந்த பூச்சிகள் வேறு உயிரைத் தேடும். ஆகவே நெறிகட்டும் பிளேக் பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை; அது வீட்டைச் சார்ந்த நோய். எலிகள் மடியும் வீட்டை விட்டுத் திறந்த வெளிக்குச் செல்வது சரியான தற்காப்பே ஆகும். இமயமலைச் சாரலின் கட்வால், குமாவோன் பகுதி மக்கள் எலிகள் சாவதைக் கண்டவுடன் ஊரைக் காலி செய்யும் வழக்கம் உடையவர்களாக இருந்தனர் என 19 ஆம் நூற்றாண்டிலேயே பதிவு செய்யப்பட்டுள்ளது. நோயாளியைப் பிரித்து மருத்துவமனையில் அடைப்பதைவிட வீட்டைக் காலி செய்வதே பயனுள்ளது என்பது பிற்கால அறிவு.

மறுபுறம், துணிமூட்டைகளிலும் தானிய மூட்டைகளிலும் தெள்ளுப்பூச்சிகள் உடன் பயணம் செய்தன. தொடர்வண்டிப் பாதைகளையும் கடல்வழிகளையும் ஒட்டி நோய் மாகாணம் முழுவதும் பரவியது. எனினும் இப்பரவலுக்கு வெளியேறிய மக்களை மட்டும் காரணமாகச் சொல்ல இயலாது. இடையறாது நடந்த தானிய வணிகமும் எலிகளையும் பூச்சிகளையும் ஊர் ஊராகக் கொண்டு சென்றது. 20 ஆம் நூற்றாண்டின் முதற்பாதி முடிவதற்குள் இந்தியாவில் பிளேக்கால் இறந்தோர் தொகை ஒரு கோடியைத் தாண்டியது.

மக்கள் திரும்புதல்

1897 இன் கோடையில் நோய் தணிந்தது. கிராமங்களில் வேலை இல்லை. மேலும் 1896–97 இல் நாட்டின் பல பகுதிகளில் பஞ்சம் நிலவியது. எனவே வெளியேறியோருள் பெரும்பாலோர் சில மாதங்களில் திரும்பினர். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் குளிர்காலத்தில் பிளேக் தலைகாட்டுவதும், மக்கள் சிறு அளவில் வெளியேறுவதும், மழைக்காலத்துக்குள் திரும்புவதும் வழக்கமாயின. 1901 கணக்கெடுப்பு நோய் மிகுந்த மார்ச்சுத் திங்களில் நடந்ததால் அவ்வாண்டின் எண்ணிக்கை குறைந்து காணப்படுகிறது.

பம்பாய் நகரின் மக்கள்தொகை:
1881 – 7,73,196
1891 – 8,21,764
1901 – 7,76,006
1906 – 9,77,822 (நகராட்சிக் கணக்கெடுப்பு)
1911 – 9,79,445
1921 – 11,75,914

நகர மறுசீரமைப்பு

நோய் நெருக்கடியான வீடுகளிலிருந்தே பிறந்தது என்னும் கருத்தின் அடிப்படையில் 1898 இல் பம்பாய் நகர மேம்பாட்டுப் பொறுப்பாட்சி ஒரு சட்டத்தின் மூலம் நிறுவப்பட்டது. காற்றோட்டமற்ற குடியிருப்புகளை இடித்தல், நெரிசலான பகுதிகளின் ஊடே அகன்ற சாலைகள் அமைத்தல், வடக்கே புதிய நிலங்களைக் குடியிருப்புக்கு ஏற்றதாக்குதல், ஏழைகளுக்கு நலமான வீடு கட்டுதல் ஆகியவை அதன் நோக்கங்கள். கடற்காற்று நகரினுள் புகவேண்டும் என்னும் எண்ணத்துடன் இளவரசி தெரு, சாண்டர்சுடு சாலை முதலியவை அமைக்கப்பட்டன. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் மனைகள் பிரிக்கப்பட்டன.

இத்திட்டங்களின் பயன் சமமாகக் கிடைக்கவில்லை. தொடக்க ஆண்டுகளில் இடிக்கப்பட்ட அறைகளின் எண்ணிக்கையை விடப் புதிதாகக் கட்டப்பட்டவை குறைவு. வீடிழந்தோர் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் நடந்து செல்லும் தொலைவிலேயே இருக்க வேண்டியிருந்ததால் அருகிலுள்ள தெருக்களில் குடியேறினர்; அங்கே நெரிசலும் வாடகையும் உயர்ந்தன. புறநகர் மனைகளோ நிலையான ஊதியம் பெறும் நடுத்தர வகுப்பினர்க்கே எட்டின. நாளடைவில் மாட்டுங்கா தென்னிந்தியக் குடும்பங்கள், குறிப்பாகத் தமிழர், மிகுந்து வாழும் பகுதியாயிற்று. அதற்கு அண்மையில், திட்டமிடப்படாது வளர்ந்த தாராவியில், திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தோல் பதனிடும் தொழிலாளர் குடியேறினர். ஒரே நகரில் சிறிது தொலைவில் அமைந்த இவ்விரு குடியிருப்புகளும் நகர வளர்ச்சியின் இரு முகங்களைக் காட்டுகின்றன.

இந்திய ஊர்களில் வீடுகளை மொத்தமாக இடித்துச் சாலை அமைக்கும் போக்கை இசுகாட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிசு எதிர்த்தார். தேவையான இடத்தில் மட்டும் சிறிதளவு மாற்றம் செய்து, மக்களை அவர்கள் இடத்திலேயே வாழவிட வேண்டும் என்பது அவர் கருத்து. சென்னை மாகாண ஊர்கள் சிலவற்றைப் பார்வையிட்டு 1915 இல் அறிக்கை அளித்த அவர், 1919 இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். மேம்பாட்டுப் பொறுப்பாட்சி 1933 இல் நகராட்சியுடன் இணைக்கப்பட்டது.

பிற நகரங்களில் தாக்கம்

1898 இல் பெங்களூரில் பிளேக் பரவியபோதும் மக்கள் பெருமளவில் வெளியேறினர். நெரிசலான பழைய பேட்டைப் பகுதிக்கு மாற்றாக மல்லேசுவரம், பசவனகுடி ஆகிய புதுக்குடியிருப்புகள் வளர்ந்தன. மைசூரில் 1903 இலும் கல்கத்தாவில் 1912 இலும் நகர மேம்பாட்டு அமைப்புகள் தொடங்கப்பட்டன. தமிழகத்தில் கோயம்புத்தூர் பிளேக்கால் பலமுறை பாதிக்கப்பட்டது; அந்நகரில் உள்ள 'பிளேக் மாரியம்மன்' கோயில்கள் அக்காலத்தின் நினைவாக நிலைத்துள்ளன.

2020 வெளியேற்றத்துடன் ஒப்பீடு

கோவிட்-19 பெருந்தொற்றின்போது 2020 மார்ச் 25 முதல் இந்தியாவில் நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மும்பை, தில்லி, சூரத்து, சென்னை போன்ற நகரங்களிலிருந்து புலம்பெயர் தொழிலாளர் நடந்தும், மிதிவண்டியிலும், சரக்குந்துகளிலும் ஊர் திரும்பினர். மே 1 முதல் அவர்களுக்கெனச் சிறப்புத் தொடர்வண்டிகள் இயக்கப்பட்டன. ஒரு கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர் சொந்த மாநிலம் திரும்பியதாக 2020 செப்டம்பரில் நடுவண் அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

இரு நிகழ்வுகளுக்கும் இடையே ஒற்றுமைகள் பல. இரண்டிலும் 1897 ஆம் ஆண்டுச் சட்டமே அரசின் கருவிகளுள் ஒன்றாக இருந்தது. இரண்டிலும் தொழிலாளர் நோய்க்கும் அரசு நடவடிக்கைக்கும் ஒருசேர அஞ்சினர். இரண்டிலும் ஊரில் வேலையின்மை அவர்களை மீண்டும் நகருக்கு அனுப்பியது. வேறுபாடும் உண்டு. 1897 இல் ஆலைகள் இயங்கின, ஆள் கிடைக்கவில்லை. அதனால் கூலி உயர்ந்தது. 2020 இல் ஆள் இருந்தனர், வேலைத்தலங்கள் மூடப்பட்டன. அதனால் கூலியே நின்றது. முன்னதில் தொழிலாளருக்குப் பேரம் பேசும் வலிமை சிறிது காலமேனும் கிடைத்தது. பின்னதில் அதுவும் கிடைக்கவில்லை.

செல்வ நாடுகளில் வெளியேற்றம் வேறு வடிவம் எடுத்தது. நியூயார்க்கு, சான் பிரான்சிசுக்கோ முதலிய நகரங்களில் வீட்டிலிருந்தே கணினி வழி வேலை செய்யக்கூடியோர் நகர மையத்தை விட்டு நீங்கினர். ஆயினும் அவர்களுள் பலர் அதே பெருநகரப் பகுதியின் புறநகர்களிலேயே குடியேறினர். மையம் காலியாகி விளிம்பு நிறையும் இப்போக்கைப் பொருளியலாளர்கள் நடுவில் துளையுள்ள 'டோனட்' பண்டத்துக்கு ஒப்பிட்டனர்.

நகர வாழ்வின் எதிர்காலம்

ஒவ்வொரு கொள்ளைநோயின்போதும் பெருநகரத்தின் முடிவு நெருங்கிவிட்டதாகக் கூறப்படுவது வழக்கம். பம்பாயின் வரலாறு அதனை உறுதிப்படுத்தவில்லை. மக்களை நகருக்கு ஈர்ப்பது வேலை. அவ்வேலை இருக்கும்வரை நகரம் மீள்கிறது. ஆனால் மீண்ட நகரம் பழைய நகரமாக இருப்பதில்லை. சாலைகளின் அகலம், வீடுகளுக்கிடையே விடவேண்டிய இடைவெளி, புறநகர் மனைப்பிரிவு ஆகியவை 1896 க்குப் பின் பம்பாயில் மாறின. கணினி வழி வேலை 2020 க்குப் பின் பல நகரங்களின் அலுவலகப் பகுதிகளை மாற்றியுள்ளது.

அம்மாற்றத்தின் செலவை ஏற்பது யார் என்பதே இரு காலங்களிலும் தீராத வினா. நோய் பரவும் இடமாகக் கண்டறியப்பட்ட ஓரறைக் குடியிருப்பு, தொழிலாளரின் கூலிக்கு எட்டிய ஒரே வீடாகவும் இருந்தது. அதனை இடிப்பது எளிது. அதே கூலியில் வேறு வீடு தருவது கடினம். 2020 சூலையில் நகரங்களில் புலம்பெயர் தொழிலாளருக்கான குறைந்த வாடகை வீட்டுத் திட்டத்தை இந்திய அரசு அறிவித்தது. நாட்டின் எந்த ஊரிலும் உணவுப் பங்கீடு பெற உதவும் 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை' திட்டம் 2022 இல் எல்லா மாநிலங்களிலும் நடைமுறைக்கு வந்தது. தங்க வீடும் உண்ண உணவும் நகரிலேயே உறுதியானால் அடுத்த கொள்ளைநோயின்போது தொழிலாளர் ஊர் நோக்கி நடக்க வேண்டிய தேவை குறையும் என்பது இத்தகைய திட்டங்களுக்கு அடிப்படையான கருத்தாகும்.

இவற்றையும் பார்க்க

மூன்றாம் பிளேக் பெருந்தொற்று
கொள்ளைநோய்கள் சட்டம், 1897
வால்டெமர் ஆஃப்கின்
தாராவி
மாட்டுங்கா
பாட்ரிக் கெடிசு